அலைக்கற்றையை எப்படிக் கொடுப்பது: ஏலமா, ஒதுக்கீடா, வேறு வழியா?

2011 சட்டமன்றத் தேர்தல் நேரம். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் 176 என்று எழுதினார். பிறகு ஒவ்வொரு பூஜ்ஜியமாகப் போட்டுக்கொண்டே போனார். பத்தாவது பூஜ்ஜியம் போடும்போது தாளின் விளிம்பு வந்துவிட்டது. "இவ்வளவு பணம்ப்பா" என்று தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கொஞ்ச நேரம் கடையில் யாரும் எதுவும் பேசவில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. 23 இடங்களுக்குச் சுருங்கியது. மின்வெட்டு உட்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தப் பூஜ்ஜியங்களுக்கும் அதில் பங்கு இருந்தது என்பதைத் தமிழ்நாட்டில் அப்போது இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

2ஜி செல்போன் உரிமங்களைக் கொடுத்ததில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு என்று சொல்லப்பட்ட 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற அந்த எண் ஒரு ஆட்சியை ஆட்டியதோடு நிற்கவில்லை. அலைக்கற்றையை, அதாவது போன் பேச்சையும் இணையத்தையும் சுமந்து போகும் வானலைகளை, பற்றி இந்த நாடு யோசிக்கும் விதத்தையே அது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த அரசும் முதலில் கேட்பது "கஜானாவுக்கு எவ்வளவு வரும்?" என்றுதான். எத்தனை நிறுவனங்கள் போட்டியில் நிற்கும், சிக்னல் எந்த ஊர் வரை போகும், ரீசார்ஜ் விலை என்ன ஆகும் என்பதெல்லாம் பின்னால் தள்ளப்பட்டுவிட்டன. இதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. இப்போது செயற்கைக்கோள் இணையத்துக்கு அலைக்கற்றை கொடுக்க வேண்டிய கட்டம், அடுத்து 6ஜி வரப்போகிறது. அதனால் நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விளக்கம். ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு டவர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பேசினால் இரண்டும் கெடும். அதனால்தான் அரசு நடுவில் நின்று யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிறது. குறைந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டும். உயர்ந்த அலைவரிசை நிறைய தரவைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். அப்புறம் மிக முக்கியமான ஒன்று: அலைக்கற்றை நிலக்கரி மாதிரி இல்லை. தோண்டாமல் விட்டால் நிலக்கரி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பயன்படுத்தாமல் விட்ட ஒரு வருட அலைக்கற்றை போனது போனதுதான்.

இந்தியா இதில் எல்லா வழிகளையும் ஓரளவு முயன்று பார்த்திருக்கிறது. 1994-ல் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களுக்கும் தகுதி பார்த்து உரிமம் கொடுத்தார்கள். மற்ற பகுதிகளுக்கு 1995-ல் டெண்டர். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. அப்போது லேண்ட்லைன் எனும் அடிப்படைத் தொலைபேசி சேவைக்கு ஹிமாச்சல் ஃபியூச்சரிஸ்டிக் என்ற சிறிய நிறுவனத்தின் கூட்டணி ஒன்பது வட்டங்களுக்கு (தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்த பகுதிகளுக்கு)ச் சுமார் 85,000 கோடி ரூபாய் கேட்டது. அந்த நிறுவனத்தின் அளவுக்கு அந்தத் தொகை எட்டாத உயரம். அரசு இடையில் புகுந்து, ஒருவர் இத்தனை வட்டங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவே இதைச் செய்தார் என்று பா.ஜ.க. குற்றம்சாட்டி நாடாளுமன்றத்தைப் பல நாள் முடக்கியது. 1996-ல் சி.பி.ஐ. சோதனையில் அவர் வீடுகளிலிருந்து கோடிக்கணக்கில் ரொக்கம் எடுக்கப்பட்டது. 1998-ல் அதே சுக்ராமின் கட்சியோடு சேர்ந்து பா.ஜ.க. இமாச்சலப் பிரதேசத்தில் ஆட்சி அமைத்தது. கட்சிகளின் கொள்கை உறுதிக்கும் அலைக்கற்றைக்கும் இருந்த உறவு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்.

செல்போன் உரிமங்களிலும் அதே கதைதான். தலைக்கு மேல் கேட்டுவிட்டு நிறுவனங்களால் கட்ட முடியவில்லை. அந்தக் காலத்துச் செலவை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. அழைத்தாலும் காசு, அழைப்பு வந்தாலும் காசு. என் மாமா ஒருவர் செங்கல் கனத்தில் ஒரு போன் வைத்திருந்தார். மணி அடித்தால் எடுக்க மாட்டார். திரையில் எண்ணைப் பார்த்து, ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் அங்கிருந்து திருப்பிக் கூப்பிடுவார்.

1999-ல் வாஜ்பாய் அரசு வழியை மாற்றியது. முன்கூட்டியே நிர்ணயித்த உரிமத் தொகை வேண்டாம், வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றது. துறை அமைச்சராக இருந்த ஜக்மோகன் இந்தச் சலுகையை எதிர்த்தார்; அவர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று, காபந்து அரசாக இருந்துகொண்டு இப்படி ஒரு முடிவை எடுக்கலாமா என்று காங்கிரஸ் கேட்டது. கேள்வி நியாயமானது. ஆனால் விளைவைப் பாருங்கள்: 1999 மார்ச்சில் நாட்டில் சுமார் 12 லட்சம் செல்போன் இணைப்புகள் இருந்தன. 2010 மார்ச்சில் 58 கோடியைத் தாண்டிவிட்டன. வேறு காரணங்களும் சேர்ந்தன. 2003-ல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியது, கருவிகளின் விலை இறங்கியது. ஆனாலும் நுழைவு விலையைக் குறைத்து, சம்பாதித்த பிறகு பங்கு கேட்டது இதற்கெல்லாம் இடம் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, 2008-க்கு வருவோம். இதைச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். 2ஜி அலைக்கற்றையை ஏலம் விட வேண்டாம் என்று 2007 ஆகஸ்டில் பரிந்துரைத்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். ஏலம் இல்லாமல் ஒதுக்குவது என்பது அமைச்சர் ஆ.ராசா தனியாகக் கண்டுபிடித்த வழி அல்ல. அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்த கொள்கை. கெட்டுப்போனது அந்தக் கொள்கையை நடத்திய விதம். முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்றார்கள். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை 2007 செப்டம்பர் 25 என்று பின்னோக்கி வைத்தார்கள். 2008 ஜனவரி 10 மதியம் அறிவிப்பு வெளியானது. அன்றே மாலை 3:30-க்கும் 4:30-க்கும் இடையில் தொலைத்தொடர்புத் துறை அலுவலகமான சஞ்சார் பவனுக்கு வந்து உரிம ஒப்புதல் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் கையில் அறிவிப்புக்கு முந்தைய தேதியிட்ட வங்கி வரைவோலைகளே தயாராக இருந்தன. 122 உரிமங்கள், 2001-ல் தீர்மானித்த விலையில். சில மாதங்களில் உரிமம் பெற்றவர்களில் ஸ்வான் நிறுவனம் எடிசலாட்டுக்கும், யூனிடெக் டெலினாருக்கும் என்று வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தங்கள் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளைப் பெரும் தொகைக்குக் கொடுத்தன.

2010-ல் 3ஜி ஏலம் 67,719 கோடி ஈட்டியது. அந்த ஏல விலையை 2008-க்குப் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு இழப்பு என்று அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. கணக்குப் போட்டதில் வந்ததுதான் 1,76,645 கோடி. அதே அறிக்கையில் 57,666 கோடி, 67,364 கோடி, 69,626 கோடி என்று வேறு கணக்குகளும் இருந்தன. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை சொன்னது 30,984 கோடி. ஊருக்குள் நடந்து வந்தது ஒரே ஒரு எண்தான், எல்லாவற்றிலும் பெரிய எண். நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் அ.தி.மு.க.வும் குரல் எழுப்ப, அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதும் வீணானது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்து, இனி ஏலம்தான் என்றது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. ஏழு ஆண்டுகள் வேலை நாள் தவறாமல் காத்திருந்தும், சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரத்தோடு ஒருவரும் வரவில்லை என்று நீதிபதி ஓ.பி.சைனி எழுதினார். சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

ஆக ஒதுக்கீட்டு முறையின் நல்லது கெட்டது இரண்டையும் பார்த்துவிட்டோம். விலை குறைவதால் புதியவர்கள் வருவார்கள். 2009 வாக்கில் ஒரே வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முட்டிமோதின, நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணம் வந்தது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், அவரை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்விக்கு அந்த முறையில் பதிலே கிடையாது.

ஏலத்தின் பெரிய பலம் அதுதான்: எல்லார் கண்முன்னாலும் நடக்கும். ஆனால் 2012-க்குப் பிறகு நாம் நடத்திய ஏலத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் சாலையோரப் புளியமரங்களை மகசூலுக்கு ஏலம் விடுவார்கள். ஆரம்ப விலையை அளவுக்கு மீறி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பழம் மரத்திலேயே காய்ந்து, ரோட்டில் விழுந்து, லாரிச் சக்கரத்தில் நசுங்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு நடந்தது அதுவே. வெகுதூரம் போகும், கிராமத்துக்கென்றே அமைந்த அலைவரிசை. 2016-ல் அதற்கு நாடு முழுவதற்குமான ஆரம்ப விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் 6,568 கோடி. அப்போதும் இல்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ எடுத்தது. ஆறு வருட மகசூல் வீண்.

ஏன் யாரும் முன்னதாக விலையைக் குறைக்கவில்லை? குறைத்துக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? நாளைக்கு ஒருவர் உட்கார்ந்து "இழப்பு" என்று கணக்குப் போட்டால்? 2012 நவம்பர் ஏலத்தில் அரசு பெரிதாக எதிர்பார்த்து வெறும் 9,407 கோடி வந்தது. டெல்லி, மும்பைக்குக் கூட ஆள் இல்லை. அப்போதே அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2015-ல் 1,09,874 கோடி, 2022-ல் 1,50,173 கோடி என்று பெரிய எண்களும் வந்தன. ஆனால் அந்தப் பணம் நிறுவனங்களின் கடனாகத்தான் வந்தது. சென்னையிலிருந்து வளர்ந்த ஏர்செல் 2018-ல் திவாலானது. வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றியதில், 2025-ல் அந்த நிறுவனத்தின் 48.99 சதவீதம் அரசின் கைக்கே வந்துவிட்டது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் தாங்கிப் பிடிக்கிறோம். ஏறக்குறைய முக்கால்வாசி வாடிக்கையாளர்கள் இரண்டே நிறுவனங்களிடம் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தியபோது, ரீசார்ஜ் கடையில் நின்றவர்களுக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மூன்று மாத பேக் போடுபவர்கள் ஒரு மாதத்துக்கு இறங்கினார்கள்.

வெளிநாடுகளிலும் எதுவும் சுத்தமாக இல்லை. அமெரிக்கா 1980-களில் செல்போன் உரிமங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சீட்டு எழுதிப் போட்டு, ஜெயித்ததை அடுத்த நாளே விற்றார்கள். 1993-ல் கிளின்டனின் பட்ஜெட் சட்டம் ஏலத்துக்கு வழி திறந்தது. அந்தச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியின் ஒரு ஓட்டு கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் பின்னால் வந்த குடியரசுக் கட்சி அரசுகள் ஏலத்தைத் தொடர்ந்தன. அங்கே வரியைப் பற்றித்தான் சண்டை; ஏல முறையை யாரும் இடிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2023 மார்ச் 9 அன்று, நாடாளுமன்றம் புதுப்பிக்கத் தவறியதால் ஏலம் விடும் அதிகாரமே காலாவதியானது. 2025 ஜூலையில்தான் திரும்பி வந்தது. சீனா இதே நேரத்தில் 5ஜி கட்டிக்கொண்டிருந்தது. 2019 ஜூனிலேயே அரசு நிறுவனங்களுக்கு உரிமத்தை நேரடியாகக் கொடுத்து, வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டது. பிரிட்டன் 2000-ல் 3ஜி ஏலத்தில் 2,250 கோடி பவுண்டு வாங்கியது; சீக்கிரமே ஐரோப்பிய நிறுவனங்கள் கடனில் திணறின.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜப்பான். அங்கே 5ஜி வரை ஏலம் இல்லை. எத்தனை இடங்களில், எத்தனை வருடத்துக்குள் கருவி நிறுவுவீர்கள் என்று திட்டம் கேட்டு மதிப்பெண் போட்டு 2019 ஏப்ரலில் நான்கு நிறுவனங்களுக்குப் பிரித்தார்கள். ரகுடென் என்ற புதிய நிறுவனத்துக்கும் இடம் கிடைத்தது. மதிப்பெண் போடுவது அதிகாரிகள்தானே என்ற பயம் நமக்கு வரும். நம் அனுபவத்தில் அந்தப் பயம் சரியானதே. ஆனால் "எவ்வளவு தருவாய்" என்பதற்குப் பதிலாக "எங்கே வரை போவாய்" என்று கேட்டார்களே, அந்தக் கேள்வியை நாம் கடன் வாங்கலாம்.

பொதுத்துறை வழி என்று ஒன்றும் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். தோற்றதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். 2010-ல் 3ஜி அலைக்கற்றைக்கும் அகண்ட அலைவரிசை (பிராட்பேண்ட்) இணையத்துக்கான அலைக்கற்றைக்கும் தனியார் ஏலத்தில் வந்த விலையையே அதனிடமிருந்தும் வாங்கினார்கள்: சுமார் 18,500 கோடி. ஏலத்தில் கேட்காமலேயே ஏல விலை. கையிருப்பு கரைந்தது. 4ஜி அலைக்கற்றைக்கு 2019 வரை காத்திருந்தது. பிறகு உள்நாட்டுக் கருவிதான் வாங்க வேண்டும் என்றதில் மேலும் தாமதம். 2025 செப்டம்பரில் சுமார் 97,500 டவர்களோடு உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி தொடங்கியது. அது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். ஆனால் மற்றவர்கள் அப்போது 5ஜி-யில் மூன்று வருடம் ஓடியிருந்தார்கள்.

இனி செயற்கைக்கோள். 2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தபோது தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. செயற்கைக்கோள் சேவை போன்ற சிலவற்றுக்கு ஏலம் இல்லாமல் ஒதுக்கலாம் என்று அதன் முதல் அட்டவணை சொல்கிறது. 2ஜி-யில் ஏலம் கேட்ட பா.ஜ.க. இப்போது ஒதுக்கீடு என்கிறது. 2ஜி காலத்து ஆட்சிக்குத் தலைமை தாங்கிய காங்கிரஸ் இப்போது ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்கிறது. அம்பானியின் ஜியோ நிறுவனம் ஏலம் வேண்டும் என்றது, ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய சேவையை நடத்தும் மஸ்க் வேண்டாம் என்றார். 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் ஸ்டார்லிங்கோடு அடுத்தடுத்த நாள்களில் ஒப்பந்தம் போட்டன. இந்த இடமாற்றத்தைப் பார்த்து எல்லோருமே பொய் என்று ஒதுங்கிவிடுவது சுலபம். ஆனால் அப்படி ஒதுங்கினால் முடிவை நாம் இல்லாமலேயே எடுத்துவிடுவார்கள்.

தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால், இங்கே ஒதுக்கீடுதான் சரி என்பது என் முடிவு. டவருக்கான அலைக்கற்றையை ஒரு நிறுவனம் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோளுக்கு அப்படி இல்லை. ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் ஒருங்கிணைந்து பகிர முடியும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது மாதிரி. வாய்க்காலை ஒருவருக்கு ஏலம் விட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. டிராய் 2025 மே மாதத்தில் சொன்ன வழி வருமானத்தில் 4 சதவீதம், நகர வாடிக்கையாளருக்கு வருடத்துக்குக் கூடுதலாக 500 ரூபாய், ஐந்து வருட ஒதுக்கீடு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்து வருடம் என்பது. தவறினால் திருத்திக்கொள்ள முடியும். பயம் தருவது "வருமானம்" என்ற சொல். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நிறுவனங்களும் அரசும் பதினைந்து வருடத்துக்கு மேல் வழக்காடி, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, பாக்கி ஒரு லட்சம் கோடியைத் தாண்டி நின்றது. இந்த முறை எது வருமானம், எது இல்லை என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். தகுதியுள்ள எவர் வந்தாலும் அதே விதிப்படி கிடைக்க வேண்டும். வரிசையில் முதலில் நின்றவருக்கு என்ற பேச்சே கூடாது.

தரையில் ஓடும் செல்போன் அலைக்கற்றைக்கு ஏலத்தையே தொடர்வேன். ஆனால் ஆரம்ப விலையைத் தாழ்த்துவேன், ஒரே நிறுவனம் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை இறுக்குவேன், சிக்னல் இல்லாத ஊர்களின் பட்டியலை ஏலப் பத்திரத்தோடு பெயர் பெயராக இணைப்பேன். தேதிக்குள் அந்த ஊரில் சேவை வராவிட்டால் அலைக்கற்றை திரும்பிவிட வேண்டும். கஜானாவுக்குக் குறைவாக வரும், தெரிந்தே சொல்கிறேன். பி.எஸ்.என்.எல்.லுக்கு விலையில்லாமல் கொடுத்து, யாரும் போகாத இடத்தில் அது கட்டும் டவரை மற்ற நிறுவனங்களின் சிம்மும் பயன்படுத்த வழி செய்வேன். ஆரம்ப விலையை ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்ற நிலைக்குழு முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். அப்போது நாளைக்கு எவரும் அதை "இழப்பு" என்று தூக்கிக்கொண்டு வர முடியாது, அதிகாரியின் கையும் நடுங்காது.

2021-ல் ஜவ்வாது மலையில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஊருக்கு மேலே ஒரு பாறை. பிள்ளைகள் அதை டவர் பாறை என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் டவர் எதுவும் இல்லை. பள்ளி மூடியிருந்த நேரம். எட்டாவது படிக்கும் ஒரு பெண் போனைக் குடைக்குள் வைத்துத் தூறலிலிருந்து காத்தபடி, வாத்தியார் அனுப்பிய கணக்குத் தாளின் படம் இறங்குவதற்காகக் காத்திருந்தாள். பாதிப் படம் இறங்கி நின்றது. அவள் பாறையின் இன்னொரு முனைக்கு நகர்ந்து போனாள். கிராமத்துக்கென்றே அமைந்த அந்த 700 மெகாஹெர்ட்ஸ் அந்த வருடமும் விற்காமல் கிடந்தது.